இடது காதில் ஒரு வெட்டு

நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் புதியவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். நாயை எப்படிப் பிடிப்பது, மயக்க ஊசி எவ்வளவு போடுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை அங்கே இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். நான் கெடுத்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதை நானே சொன்னால்தான் உண்டு.

என் பெயர் இசக்கியம்மாள். தாராவியில் பிறந்து கோவண்டியில் வாழ்க்கைப்பட்டவள். தெருநாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும் நம் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் ஆபரேஷன் அறையில் உதவியாளாக இருந்தேன். மயங்கிய நாயை மேசையில் கிடத்துவது, வயிற்று முடியை மழிப்பது, ஆபரேஷன் முடிந்ததும் இடது காதின் நுனியில் சின்னதாக வெட்டுவது, இதெல்லாம் என் வேலை. காது வெட்டு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். தெருவில் போகிற யார் பார்த்தாலும் இந்த நாய்க்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி குட்டி போடாது என்று புரிந்துகொள்வதற்கான அடையாளம்.

நான் சொல்லப்போவது நாயைப் பற்றி இல்லை, நரியைப் பற்றி.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், எங்கள் வரிசை வீடுகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் சேற்றுக்காடு வந்துவிடும். அலையாத்தி மரமும் கறுப்புச் சேறும் ஏறி இறங்கும் கடல் தண்ணீருமாக அது செம்பூர் வரைக்கும் போகும். விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கிருந்து ஒரு நரி ஊளையிடும். செம்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். அப்புறம் எத்தனை என்று எண்ண முடியாதபடி எல்லாம் சேர்ந்துகொள்ளும். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வருவதற்கு அது சரியான கணக்கு. முதல் ஊளை கேட்டதும் உலையில் அரிசியைப் போட்டால், அவர் கைகால் கழுவி உட்காரும்போது சோறு வடித்திருக்கும். வீட்டில் கடிகாரம் இருந்தது. ஆனால் நான் நம்பியது நரியைத்தான்.

அந்த நரிகளே மிச்சம் மீதி என்று பின்னால்தான் தெரிந்தது. நம் நிலையத்தில் அப்போது ஒரு டாக்டரம்மா இருந்தார். மாட்டுங்காக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மாட்டுங்காவும் சயானும் வயலும் சகதியுமாகக் கிடந்த காலத்தில் அங்கே நரிகள் தெருநாய் மாதிரி திரியுமாம், அவர் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களாம். அதற்கும் முன்னால் இந்தத் தீவுகளில் கழுதைப்புலி இருந்ததாம், புலியே இருந்ததாம். புலியை நான் பார்த்ததில்லை. தேவ்னார்ப் பக்கம் மரங்களில் பிணந்தின்னிக் கழுகுகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த மரங்களும் இல்லை.

நரிச் சத்தம் எந்த வருடம் நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சேற்றைத் தூர்த்தார்கள், கட்டடம் வந்தது, வீட்டுக்கு வீடு டிவி வந்தது. ஒருநாள் சாயங்காலம் உலைத் தண்ணீர் கொதித்துக் கொதித்துப் பாதியாகிவிட்டது, "இன்னும் கத்தவில்லையே" என்று நினைத்தேன். பிறகுதான் பல மாதமாகவே கத்தவில்லை என்று உறைத்தது. அந்த நேரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டதற்குப் புகை என்றேன். எங்கள் வீட்டில் அப்போது கேஸ் அடுப்பு.

இன்றைக்கும் வெயிலடிக்கும்போதே மழை பெய்தால் நம் தெருப் பிள்ளைகள் "காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்" என்று கத்துகிறார்கள். காக்கா தயாராகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளையைத்தான் காணோம்.

ஆனால் நிலையத்துக்குப் போன் வரும். "நரி வந்திருக்கிறது, உடனே வாருங்கள்" என்று மாதத்துக்கு ஒரு போனாவது வரும். ஒருமுறை செம்பூரில் ஒரு பெரிய சொசைட்டியில் வாட்ச்மேன் முதல் செக்ரட்டரி வரை கேட்டைப் பூட்டிக்கொண்டு மாடியில் நின்றார்கள். வலையைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங் முழுக்கத் தவழ்ந்து தேடினோம். ஸ்கூட்டருக்கு அடியில் இருந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது ஒரு வெள்ளைப் பொமரேனியன். முந்தின நாள் ஹோலி. யாரோ அதன்மேல் காவிச் சாயத்தை ஊற்றியிருந்தார்கள். இப்படிப் பலமுறை ஏமாந்ததில், நரி என்று யார் சொன்னாலும் எங்களுக்குச் சிரிப்புதான் வரும். இந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். நரி என்று சொல்லி நாயைக் காட்டினால் கண்டுபிடித்துவிடுவோம். நாய் என்று எழுதிய தாளோடு நரியே வந்தபோது ஒருவருக்கும் கண் தெரியவில்லை.

அது ஒரு மார்ச் மாதம். விடியற்காலையில் வேன் பத்து நாய்களோடு வந்தது. பிடித்தவர் பேச்சிமுத்து. இன்று உங்களில் பலர் அவருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள். அன்று அவருக்கும் வேலை புதிது, வீட்டில் கைக்குழந்தை. தாளில் "கோவண்டி, நான்காவது சந்து" என்று பத்துக்கும் ஒரே இடத்தை எழுதியிருந்தார். எந்தச் சந்தில் பிடித்தோமோ அதே சந்தில் திரும்ப விட வேண்டும் என்பது நம் சட்டம். அதனால் அந்தத் தாள்தான் நாய்க்கு வீட்டு விலாசம்.

ஏழாவதாக வந்தது ஒல்லியாக, சேறு அப்பிக் கிடந்தது. கூண்டிலேயே ஊசி போட்டு, வாயைக் கட்டி, மயக்கத்தில் தூக்கி வந்தார்கள். குரைக்கவே இல்லை, சாதுவான நாய் என்று யாரோ சொன்னார்கள்.

இப்போது என் தவறு. காதை எப்போது வெட்ட வேண்டும்? கடைசித் தையல் போட்ட பிறகு. எனக்கு அது தெரியும். ஆனால் நான் கைவேகக்காரி என்று எனக்கு ஒரு கர்வம். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருக்கும்போதே காதை வெட்டிவிடுவேன். தையல் முடிவதற்குள் ரத்தம் நின்றுவிடும், அடுத்த நாயைச் சீக்கிரம் ஏற்றலாம். டாக்டரம்மா இரண்டு முறை கண்டித்திருந்தார். "இசக்கி, காதை வெட்டறது கையெழுத்துப் போடற மாதிரி. வேலை முடியறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போடாதீங்கோ" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு என் இஷ்டப்படிதான் செய்தேன்.

அன்றைக்கும் வெட்டினேன். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, அதை மல்லாத்தி, வயிற்றில் ரேசரை வைத்தேன். காம்பிலிருந்து ஒரு சொட்டுப் பால் வந்தது.

பால் கொடுக்கிற தாயைத் தொடக் கூடாது. ஆபரேஷன் கூடாது, மயக்கம் தெளிந்ததும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கேயோ குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். இதை நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் இப்போது வாயைத் திறந்தால் டாக்டரம்மா வந்து காதைப் பார்ப்பார். ஆபரேஷன் ஆகாத விலங்குக்குக் காது வெட்டு. மூன்றாவது முறை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பஞ்சை எடுத்து அந்தப் பாலைத் துடைத்தேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ரேசரை மறுபடி எடுத்தேன். மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் நான்.

மறுபடி ஒரு சொட்டு வந்தது. ரேசரைக் கீழே வைத்தேன். "டாக்டரம்மா, இதுக்குப் பால் இருக்கு" என்று கத்தினேன்.

அவர் வந்து வயிற்றைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, முன்னங்காலைத் தூக்கி ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தார். உள்ளங்காலில் நடு விரல்கள் இரண்டின் மெத்தையும் அடியில் ஒட்டியிருந்தன. நாய்க்கு அவை தனித்தனியாக இருக்கும். வாலை நீட்டிப் பார்த்தார். புசுபுசுவென்று, நுனி கறுப்பாக.

"இசக்கி, இது நாயே இல்லை" என்றார் மெதுவாக. "குள்ளநரி."

என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை வருடம் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்தேன், அதுவும் நின்றுபோய் எத்தனையோ காலம். அது என் மேசையில் கிடக்கிறது. நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். அதற்கு வந்த கேட்டைப் பாருங்கள்.

டாக்டரம்மா அப்போதுதான் காதைப் பார்த்தார். நேராக வனத்துறைக்குப் போன் செய்தார். வன விலங்கு என்றால் அவர்களிடம் சொல்லாமல் நாம் ஒன்றும் செய்யக் கூடாது. அன்று தாணேப் பக்கம் ஒரு குடியிருப்பில் சிறுத்தை நுழைந்து, அவர்கள் ஆட்கள் எல்லாரும் அங்கே போயிருந்தார்கள். அதிகாரி நிதானமாகப் பேசினார். காயம் இல்லை, பால் இருக்கிறது, பிடித்த இடம் உறுதியாகத் தெரியும் என்றால் இன்றே அங்கே விடுங்கள், வீடியோ எடுத்து அனுப்புங்கள். இடம் உறுதியாகத் தெரியாவிட்டால் விடாதீர்கள், நாளை சாயங்காலம் எங்கள் வண்டி வரும், தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவோம். இதுதான் அவர் சொன்னது.

நாளை சாயங்காலம் என்றால் குட்டிகள் பிழைக்காது. எல்லாம் அந்தத் தாளில் இருக்கிற விலாசத்தைப் பொறுத்தது.

நிலையத்துச் சூப்பர்வைசர் வந்து, பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார். "கஹா பக்டா? சச் போல்" என்றார். எங்கே பிடித்தாய், உண்மையைச் சொல் என்று.

"நாலாவது சந்து சாப்" என்றார் பேச்சிமுத்து.

பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். நான்காவது சந்து என் வீட்டுக்கு அடுத்த சந்து. அங்கே சாக்கடை உண்டு, குப்பை உண்டு. ஆனால் இந்த நரியின் காலில் இருந்தது கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற சேற்றுக்காட்டுச் சேறு. ஆனால் சேற்றுக்காடு மைல் கணக்கில் கிடக்கிறது. எந்த ஓரம் என்று அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். எல்லையைத் தாண்டிப் பிடித்ததற்காக அவரை ஏற்கனவே ஒருமுறை எச்சரித்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம்.

சூப்பர்வைசர் அதட்டினார். அதட்ட அதட்ட அவர் நான்காவது சந்தையே பிடித்துக்கொண்டு தொங்கினார். எனக்கும் கோபம் தலைக்கேறியது. "ஏலே, பிள்ள பெத்த வீட்டுல இருந்துட்டு இப்படிப் பொய் சொல்லுதியே" என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அப்போது குப்பைத் தட்டில் நான் போட்ட பஞ்சு கண்ணில் பட்டது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

எல்லார் முன்னாலும் சொன்னேன். "டாக்டரம்மா, காத முதல்லயே வெட்டினது நான். நீங்க ரெண்டு தடவ சொல்லியும் கேக்கல. பால் வந்தத பாத்துட்டு, மாட்டிக்கிருவோம்னு துடைச்சும் போட்டேன். ரெண்டாந்தடவ வந்த பிறவுதான் உங்களக் கூப்பிட்டேன். என்ன செய்யணுமோ செய்யிங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் குனியத்தான் தோன்றும். நான் பேச்சிமுத்துவிடம் திரும்பினேன். "தம்பி, வேல போனா ரெண்டு பேருக்கும் சேந்து போவட்டும். அது எங்கன கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லிரு."

அவர் கண் கலங்கிவிட்டது. "எக்கா, சந்துல நாய்க்குச் சோறு போடுதவங்க எல்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க. நாலுதான் கெடைச்சுது. பத்து வேணும்னு சொன்னாங்கல்லா, அதான் செம்பூர் பின்னால பெரிய தண்ணிக் குழாய் முடியுத எடத்துக்குப் போனேன். மீன் குப்பைய ஆறேழு தின்னுட்டு நின்னுச்சு. இருட்டுல நாய்னு வலைய வீசிட்டேன். குழாய் முக்குல ஒரு ஒடஞ்ச சிமெண்ட் தூண் உண்டு. அதுக்குப் பக்கத்துல. சத்தியமா அங்கனதான்."

அதிகாரிக்கு மறுபடி போன் போனது. உடைந்த தூண் வரைக்கும் சொன்னதும் அவர் சரி என்றார். இதனால்தான் நம் தாளில் இப்போது சந்துப் பெயருக்குப் பக்கத்தில் "அடையாளம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பச் சோம்பல்படுகிறவர்களைப் பேச்சிமுத்து ஏன் அப்படித் திட்டுகிறார் என்று இப்போது புரிந்திருக்கும். அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கக்கா, புள்ளைங்க தெரிஞ்சிக்கிடட்டும்" என்றார்.

மயக்கம் முழுதாகத் தெளிய சாயங்காலம் ஐந்து மணி ஆனது. டாக்டரம்மா, பேச்சிமுத்து, நான் மூவரும் வேனில் போனோம். குழாய் முடிகிற இடத்தில் அந்தத் தூணும் மீன் குப்பையும் இருந்தன. கூண்டைத் தூணுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்துவிட்டு வேனுக்குப் பின்னால் நின்றோம். அது உடனே வரவில்லை. தலையை மட்டும் நீட்டியது. இடது காதில் என் வெட்டு பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஒரே ஓட்டமாக மரங்களுக்குள் போனது, திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கும்?

போகலாம் என்று பேச்சிமுத்து சொன்னார். டாக்டரம்மா கொஞ்சம் இருக்கலாம் என்றார். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பின்னால் ஹைவேயில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அப்போது உள்ளேயிருந்து ஒரு ஊளை கேட்டது. நீளமாக இழுத்து, கடைசியில் உடைகிற ஊளை. இன்னும் உள்ளே தள்ளி வேறொன்று பதில் சொன்னது.

மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தும் டாக்டரம்மா நரிச் சத்தத்தைக் கேட்டதில்லை. "இதுதானா?" என்று கேட்டார்.

"இதுதான்" என்றேன். எனக்கு உலையில் அரிசி போட வேண்டும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேனில் சாய்ந்துகொண்டு நன்றாக அழுதேன். இந்த முறை புகை என்று சொல்லவில்லை.

மறுநாள் டாக்டரம்மா என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கூண்டு கழுவினேன். அறிக்கையில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினார், பஞ்சையும் சேர்த்து. அதற்காக எனக்கு அவர்மேல் வருத்தம் இருந்தது, பிறகு போய்விட்டது. மூன்று மாதம் கழித்துக் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கடைசித் தையலுக்கு முன்னால் நான் ஒரு காதையும் தொட்டதில்லை.

ஆனாலும் ஒரு கவலை மனதில் கிடந்து அரித்தது. அவ்வளவு மருந்து ஏறிய உடம்பு, பகல் முழுக்கப் பிரிந்து இருந்தது. குட்டிகள் பால் குடித்தனவா, பிழைத்தனவா? நான் துடைத்த அந்த ஒரு சொட்டுப் பாலை நினைத்துத் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு மழைக்காலம் போனது.

ஒருநாள் காலையில் சூப்பர்வைசர் கையில் ஒரு தாளோடு ஆபரேஷன் அறைக்குள் வந்து குதித்தார். சேற்றுக்காட்டைப் பார்த்த மாதிரி புதிதாக வந்த ஒரு உயரமான கட்டடத்திலிருந்து ஒருவர் புகார் அனுப்பியிருந்தார், போட்டோவோடு. இடது காது வெட்டிய உங்கள் நாய் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் நான்கு குட்டி போட்டிருக்கிறது. ஆபரேஷன் செய்த நாய் எப்படிக் குட்டி போடும்? உங்கள் வேலை முழுத் தோல்வி. இதற்கு யார் பொறுப்பு? இப்படிப் போனது அந்தப் புகார்.

"யே கிஸ்கா காம் ஹை?" என்று கத்தினார் சூப்பர்வைசர். யார் செய்த வேலை இது?

போட்டோவை வாங்கிப் பார்த்தேன். மண்மேட்டில் படுத்திருந்தது, கறுப்பு நுனி வால். வயிற்றில் நான்கு குட்டிகள் முட்டிக்கொண்டு பால் குடித்தன. பின்னால் கொஞ்சம் தள்ளி, அதே ஜாடையில், ஒன்று முழுசாக வளர்ந்தும் ஒன்று சற்றுச் சிறிதாகவும் இரண்டு நின்றன. முந்தின ஈற்றுகளின் குட்டிகளாகத்தான் இருக்கும், பெரியது நாம் பிடித்த அந்த வருடத்தது என்றார் டாக்டரம்மா. அம்மாவின் இடது காதில் என் வெட்டு.

"என் வேலதான்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

டாக்டரம்மா பதில் எழுதினார். காது வெட்டு எங்கள் ஊழியரின் தவறு, ஆபரேஷன் நடக்கவில்லை, குட்டிகள் இருக்கும் பக்கம் யாரும் போக வேண்டாம், சோறு வைக்கவும் வேண்டாம் என்று நான்கே வரி. நரி என்று எழுதவில்லை. எழுதினால் மொபைலைத் தூக்கிக்கொண்டு ஊரே திரண்டு வந்துவிடும். வனத்துறைக்கு மட்டும் தகவல் போனது.

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, கண்ணாடி போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். நன்றி. அது பீரோவுக்குள் இருக்கிறது. சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே, நான் ஒட்டி வைத்திருப்பது அந்தப் புகாரைத்தான்.